வருமுன் காக்கும் கைகள்

“வெள்ளம் வருமுன் அணை போடு” என்பார்கள் நம் பாட்டிமார். மழைக்காலத்துக்கு முன்னே கூரையைச் சரிபார்க்கும் நாம், நோய் வருமுன் உடலைச் சரிபார்க்கிறோமா?

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். ஒரு நாளும் ஓய்ந்து உட்காராத உழைப்பாளி. உடலில் கண்ட மாறுதலை வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. அவருடைய மகள் எங்களோடு பேருந்தில் வருபவள். “முன்னாலேயே கண்டுபிடித்திருக்க முடியாதா?” என்று அவள் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

தோழியரே, முடியும்! இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் உடலில் நீண்டகாலம் தங்கினால், அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டறிந்தால் நோயைத் தடுத்துவிடலாம்.

ஆனால் கிராமந்தோறும் பெரிய மருத்துவர்கள் வருவது எப்படி? அதற்கு விடை கண்டது நம் அண்டை மாநிலமாகிய தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டம். 2000ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆய்வு தொடங்கியது. செவிலியர்களுக்கு எளிய பரிசோதனை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பையின் வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுபட்ட பகுதி வெண்மையாகத் தெரியும். அதற்குக் கண்ணும் பயிற்சியுமே போதும், ஆய்வுக்கூடம் வேண்டாம். தேவைப்பட்டால் அப்பகுதியை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அச்செவிலியர்களே செய்தார்கள்.

30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்நோய் 25 சதவீதமும், இதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. பயிற்சி பெற்ற செவிலியரின் கை எத்தனை தாய்மாரைக் காத்தது பாருங்கள்!

கற்றுக்கொடுப்பதில் நமக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு 1984இல் புற்றுநோய் மருத்துவத்துக்கென உயர்நிலைப் படிப்புகள் ஏற்பட்டன. யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று பதிவேடு எழுதுவோரும் இப்பணியில் முக்கியமானவர்கள். கணக்குத் தெரியாமல் கடையை நடத்த முடியாதல்லவா? நோயை ஒழிப்பதும் அப்படியே.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஓர் இலக்கு வகுத்தது. 2030க்குள் சிறுமியரில் 90 சதவீதத்தினருக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி; பெண்களில் 70 சதவீதத்தினருக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதனை; நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. வைரஸையே நேராகக் கண்டறியும் புதிய பரிசோதனையையும் அது இப்போது பரிந்துரைக்கிறது.

செவிலியர் கற்றுத் தயாராக இருந்தாலும், தாய்மார் வராவிட்டால் என்ன பயன்? திண்டுக்கல்லிலும் அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வரவில்லை. எனவே முதல் சுகாதாரப் பணியாளர் வீட்டிலிருக்கும் மகளே என்று எங்களுக்குத் தோன்றியது. அன்று மாலை நாங்கள் எங்கள் அம்மாக்களிடம் இதைப் பேசினோம். சிலர் பேச்சை மாற்றினார்கள், சிலர் சிரித்தார்கள். ஓர் அம்மா மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, சனிக்கிழமை நீயும் கூட வா” என்றார்.

தோழியரே, நீங்களும் இன்றே உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். வெட்கம் ஒரு நாள், வாழ்வு பல்லாண்டு!