அதிர்ஷ்டத்தின் உளவியல்

அதிர்ஷ்டம் முழுவதும் தற்செயல் அன்று. வாய்ப்பைக் கவனிக்கும் மனநிலையும் அதில் அடங்கும் என்கிறார் ஆங்கிலேய உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன். நாளிதழிலுள்ள படங்களை எண்ணச் சொல்லி, அதற்குள்ளேயே விடையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார். தம்மை அதிர்ஷ்டசாலிகளாகக் கருதியோரே பெரும்பாலும் அதைக் கண்டனர். பதற்றம் பார்வையைக் குறுக்கிவிடுகிறது என்பது அவர் விளக்கம்.

இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுக்கப்பட்டவர்களோ எட்டுப் பேர். விமானியாகும் கனவு அத்தோடு போயிற்று. ஆனால் அதே பயணத்தில் தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் நேர்காணலுக்கும் போயிருந்தார். 1958இல் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அந்த வேலை கிடைத்தது. வாய்ப்புகளைப் பெருக்கிக்கொள்வது என்பது இதுதான். எனினும், எம்.ஐ.டி.யில் அவர் சேர்வதற்காக அக்கா தன் நகைகளை அடகு வைத்தாரே, அத்தகைய அக்கா அமைவது எந்தப் பயிற்சியாலும் வருவதன்று.