மோர்பி தொங்கு பாலம்: தளம் புதுசு, கேபிள் பழசு... அறுந்தது எப்படி?

2022 அக்டோபர் 26, குஜராத்திப் புத்தாண்டு. மோர்பி நகரில் சீரமைப்புக்காக ஏழு மாதமாக மூடியிருந்த பழைய நடைபாலம் மீண்டும் திறக்கப்பட்டது. நான்கே நாள்தான். 30-ம் தேதி மாலை அது அறுந்து மச்சு நதியில் விழுந்தது. குழந்தைகள் உட்பட 135 பேர் உயிரிழந்தனர்.

புதுப்பித்த பாலம் ஏன் அறுந்தது? முதலில், இத்தனை காலம் அது எப்படி நின்றது என்று பார்ப்போம்.

யார் கட்டியது?

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மோர்பி சமஸ்தானத்தின் மன்னர் காலத்தில் கட்டப்பட்டது. ஆற்றின் இரு கரைகளில் இருந்த தர்பார்கட், நஜர்பாக் அரண்மனைகளை இணைத்தது. நீளம் சுமார் 230 மீட்டர். அகலமோ வெறும் 1.25 மீட்டர். எதிரே ஆள் வந்தால் ஒதுங்கித்தான் போகணும்.

எப்படி நிற்கிறது?

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். துணியின் எடை முழுக்கக் கயிற்றில்தான். தொங்கு பாலமும் அப்படித்தான். நாம் நடக்கும் தளத்தைச் செங்குத்துக் கம்பிகள் தாங்குகின்றன. அந்தக் கம்பிகளைத் தாங்குவது பிரதான கேபிள். கேபிளின் இரு முனைகளும் கரையில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அது போனால் எல்லாமே போச்சு.

எங்கே தவறு?

மோர்பி கேபிளில் மொத்தம் 49 இரும்பு இழைகள். அவற்றில் 22 இழைகள் துருப்பிடித்து, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கலாம் என்றது சிறப்புப் புலனாய்வுக் குழுவின் அறிக்கை. அதாவது, அந்தக் கேபிளின் சுமை முழுதும் மிச்சமிருந்த 27 இழைகள் மேல்.

சீரமைப்பில் மரப்பலகைகளுக்குப் பதில் அலுமினியத் தளம் வந்தது. பழைய செங்குத்துக் கம்பிகளோடு புதியவற்றைச் சேர்த்து வெல்டிங் செய்தார்கள். பிரதான கேபிளை மட்டும் மாற்றவில்லை. திறப்பதற்கு முன் சுமைப் பரிசோதனையும் நடக்கவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. விபத்து நடந்த அன்று மட்டும் விற்ற டிக்கெட் 3,165. அறுந்தபோது பாலத்தில் நின்றவர்கள் சுமார் 300 பேர்.

நமக்கு என்ன?

பாலத்துக்கு வயசாவது குற்றமில்லை. கேபிளைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றி, கூட்டத்தைக் கட்டுப்படுத்தினால் பழைய பாலமும் தாங்கும். ஆனால் சுற்றுலா போகிற நம் கண்ணில் படுவது பளபளக்கும் தளம் மட்டும்தான். அடுத்த முறை ஒரு பழைய தொங்கு பாலத்தில் ஏறும் முன், 'ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான்' என்ற பலகை இருக்கிறதா, அதை யாராவது கடைப்பிடிக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், கரையிலிருந்தே ஒரு போட்டோ போதும்.