மாண்டிஸோரி அம்மையார்

ஆகஸ்டு 31-ம் தேதி டாக்டர் மரியா மாண்டிஸோரி அம்மையார் ஜனித்த தினம். 1870-ம் வருஷத்தில், இத்தாலி தேசத்தில், அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். நமது நகரங்களில் தெருவுக்குத் தெரு அவருடைய பெயரைத் தாங்கிய பலகைகள் தொங்குகின்றன. அப்பலகைகளை நாள்தோறும் பார்த்துச் செல்லும் பெற்றோரில் எத்தனை பேருக்கு அது ஒரு ஸ்திரீயின் பெயர் என்பது தெரியும்? அவர் சென்னை அடையாற்றில் கீற்றுக் கொட்டகையில் அமர்ந்து பாடம் சொன்னவர் என்பதோ, தாம் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையென்று உலகறியச் சொல்ல இயலாமல் நெடுங்காலம் வாழ்ந்தவர் என்பதோ எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய போதனா முறையைப் பற்றி வேண்டிய புத்தகங்கள் உண்டு. தாயாகவும், உபாத்தியாயினியாகவும், பாட்டியாகவும் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியே நாம் இன்று எழுத விரும்புகிறோம்.

தகப்பனார் அலெஸ்ஸாந்த்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர், பழைய கொள்கையினர். தாயார் ரெனில்டே புத்தகப் பிரியை. பெண் உபாத்தியாயினியாகலாம் என்று பெற்றோர் யோசனை கூறியபொழுது, அந்த வேலை ஒன்று மட்டும் தமக்கு வேண்டாமென்று மறுத்தவர் மரியா. ஆண் பிள்ளைகள் செல்லும் தொழிற்கலாசாலைக்குச் சென்றார். பிறகு ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்திய சாஸ்திரம் பயின்றார். பிரேதத்தை அறுத்துச் சோதிக்கும் அறையில் ஆடவரோடு ஒரு பெண் நிற்பது தகாதென்று, மற்ற மாணவர்கள் சென்ற பிறகு அவர் தனியே அவ்வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே வருஷம் பெர்லினில் கூடிய மாதர் மகாநாட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வேண்டுமென்று பிரசங்கம் செய்தார்.

பட்டம் பெற்றபின் ரோமாபுரியில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அவர் கவனிக்க நேர்ந்தது. அக்காலத்தில் அவர்களைப் பைத்தியக்காரர் விடுதிகளில் அடைத்து வைத்திருந்தனர். கையில் எடுத்து விளையாட ஒரு பொருளும் இல்லாத வெறும் அறையில், சாப்பாடானதும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அக்குழந்தைகள் பொறுக்கிப் பிசைந்து கொண்டிருந்தன. காவல்காரிக்கு அது அருவருப்பாகத் தோன்றிற்று. அம்மையாருக்கோ, அக்குழந்தைகளின் பசி வயிற்றைச் சேர்ந்ததன்று, கைக்கு வேலை தேடும் பசி அது என்பது விளங்கிற்று. இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைக் கற்று, அவர்கள் வழியில் கைக்கருவிகள் செய்து கொடுத்துப் பழக்கினார். அவற்றுள் சில குழந்தைகள் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுடன் பரீட்சை எழுதித் தேறவும் செய்தன. எல்லோரும் இதை வியந்தபோது அம்மையாருக்கு வேறொரு வியப்பு: குறையில்லாத குழந்தைகள் இவ்வளவு பின்தங்கியிருக்கும்படி நம் பள்ளிக்கூடங்கள் அவர்களை என்னதான் செய்கின்றன?

இவ்வேலையில் அவருடன் இருந்தவர் டாக்டர் மொண்டெஸானோ. இருவருக்கும் பிறந்த ஆண் மகவு மரியோ. பிறந்த நாள் 1898-ம் வருஷம் மார்ச்சு 31. விவாகம் நடைபெறவில்லை. விவாகமாகாத தாய்க்கு அன்றைய இத்தாலியில் கௌரவமான உத்தியோகமோ, பொது வாழ்வில் இடமோ கிடையாது. குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு செவிலியிடம் வளர விட்டனர். மொண்டெஸானோ பின்னர் வேறொரு மாதை மணந்தார். அவருடைய வைத்தியத் தொழிலுக்கோ மதிப்புக்கோ இதனால் ஒரு பங்கமும் நேரவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தாய் மட்டும் எப்போதாவது கிராமத்துக்குச் சென்று, இன்னாரென்று சொல்லிக்கொள்ளாமலே, மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பிறர் குழந்தைகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற வருஷங்களில் தம் குழந்தை வளர்வதை அவர் பார்க்க முடியவில்லை. இதை வைத்து அவரை நிந்தித்தோர் உண்டு. எந்தச் சமூகம் அவரை அந்நிலையில் வைத்ததோ, அதே சமூகத்திலிருந்தே அந்நிந்தையும் எழுந்தது என்பதற்கு மேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

1907-ம் வருஷம் ஜனவரி 6-ம் தேதி ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அதைத் திறக்கச் சொன்னவர்களின் நோக்கம் மிகச் சாதாரணமானது. தாய் தந்தையர் கூலி வேலைக்குப் போனபின், தனியே விடப்பட்ட சிறுவர் புதிதாகச் செப்பனிட்ட வீடுகளின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் அடக்கி வைக்க வேண்டும்; அவ்வளவுதான். சுமார் ஐம்பது குழந்தைகள். பார்த்துக்கொள்ள, உபாத்தியாயினிப் பயிற்சி பெறாத ஒரு பெண். அம்மையார் தாம் செய்த கருவிகளைக் கொடுத்துவிட்டு, குழந்தைகள் என்ன செய்கின்றன என்று உட்கார்ந்து பார்த்தார்.

அக்கருவிகளில் ஒன்றிரண்டைச் சொன்னால் போதும். ஒரு சென்டிமீட்டர் கனம் முதல் பத்து சென்டிமீட்டர் கனம் வரையுள்ள பத்து மரக்கட்டைகள். பெரியதன் மேல் சிறியதாக அடுக்கினால் கோபுரம். தவறாக அடுக்கினால் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும். உபாத்தியாயர் அதட்ட வேண்டியதில்லை. தனி மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் சேர்ந்த கட்டி ஆயிரம். ஆயிரம் எவ்வளவு கனம் என்பதை நான்கு வயதுப் பிள்ளை கையில் தூக்கிப் பார்த்தே அறிந்துகொள்ளும். எழுத்துக்களை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஒலியைச் சொல்லும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் அகரம் எழுதியவர்களுக்கு இதில் புதுமை தோன்றாது. அங்கே பிரம்பும் இருந்தது, இங்கே அது இல்லை என்பதுதான் வித்தியாசம். ஸான் லொரென்ஸோ குழந்தைகள் ஐந்து வயதுக்கு முன்பே, எழுது என்று எவரும் கட்டளையிடாமல், ஒருநாள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டன.

1912-ம் வருஷக் கடைசியில் தாயார் ரெனில்டே காலமானார். சிறிது காலத்துக்குப் பின், பதினைந்து வயதான மரியோ தம்மைப் பார்க்க வந்த அம்மையாரிடம், நீங்கள்தான் என் தாய் என்பது எனக்குத் தெரியும் என்று கூறி, அவருடனேயே புறப்பட்டு வந்துவிட்டாரென்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுகின்றனர். அதன்பிறகு இருவரும் பிரிந்ததே அரிது. ஆயினும் வெளியாருக்கு அவர் மருமகன் என்றோ, சுவீகாரப் பிள்ளை என்றோதான் அறிமுகம். 1917-ல் மரியோ விவாகம் செய்துகொண்டார். இரு பேரன்களும் இரு பேத்திகளும் பிறந்தனர். பார்ஸெலோனா நகரில் அம்மையார் பாட்டியானார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. 1924 முதல் முஸோலினியின் ஆதரவை அம்மையார் ஏற்றுக்கொண்டார். பள்ளிகள் பரவினால் போதும், ஆள்பவர் எவராயினும் சரி என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அந்த எண்ணத்தை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். தானாக யோசிக்கக் கற்ற குழந்தையும் அணிவகுத்துச் சலாம் போடக் கற்ற குழந்தையும் ஒரே வீட்டில் வளர முடியாதென்பதை 1934-ல் இரு தரப்பாரும் உணர்ந்தனர். இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியிலும் அதே கதி. 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அறுபத்தைந்து வயதுக் கிழவி அங்கிருந்தும் வெளியேறி, இறுதியில் ஹாலந்தில் தங்கினார்.

அவர் நமது நாட்டுக்கு வருமுன்பே அவருடைய கொள்கை இங்கு வந்துவிட்டது. பாவநகரில் ஸ்ரீ கிஜுபாய் பதேகா 1920-ல் பால மந்திரம் தொடங்கினார். 1931-ல் லண்டனில் மகாத்மா காந்தி அம்மையாரைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கலாசாலையிலும் பேசினார். 1939-ம் வருஷக் கடைசியில், டாக்டர் அருண்டேலும் ஸ்ரீமதி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், அம்மையாரும் மரியோவும் சென்னை வந்திறங்கினர். அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பனையோலைக் கொட்டகைகள் போட்டு வகுப்பு நடந்தது. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் முந்நூறு பேருக்கு மேல் வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேசுவார். மரியோ ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார். தாய் சொல்ல மகன் மொழிபெயர்த்த அவ்வுரைகளைக் கேட்டவர்களே பிறகு ஊர் ஊராகச் சென்று பள்ளி வைத்தனர்.

1940-ம் வருஷம் ஜூன் 10-ம் தேதி இத்தாலி யுத்தத்தில் குதித்தது. 'விரோதி தேசத்துப் பிரஜை' என்னும் சட்டப் பதம், பாஸ்போர்ட்டைப் பார்க்குமே அன்றி மனிதரைப் பாராது. முஸோலினியின் ஆட்சியிலிருந்து விலகி வந்தவர்களையே முஸோலினியின் பிரஜைகளென்று பிரிட்டிஷ் சர்க்கார் பிடித்தது. மரியோவை அகமத்நகரில் காவலில் வைத்தனர். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியே செல்லக் கூடாதென்று உத்தரவு. (அதே அகமத்நகரின் கோட்டையில்தான் 1942-ல் பண்டித நேருவும், சர்தார் படேலும், மௌலானா ஆஸாதும் அடைக்கப்பட்டனர்.) ஆகஸ்டு 31 வந்தது, அம்மையாருக்கு எழுபது வயது பூர்த்தி. அன்று ராஜப்பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி. பிறந்த நாளுக்கு எதைப் பரிசாக அளிக்கலாமென்று ஆலோசித்ததில், தங்கள் மகனை விடுவிப்பதே தக்கதென்று தோன்றிற்று என்பது அதன் சாரம். நாற்பத்திரண்டு வருஷமாக உலகம் சொல்லாமல் விட்ட 'மகன்' என்னும் சொல்லை, அவரைச் சிறைப்படுத்திய சர்க்காரே பகிரங்கமாக எழுதிவிட்டது! இரண்டு மாதம் மகனைப் பிரித்து வைத்ததை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தத் தந்தியை எழுதிய குமாஸ்தா எவராயிருப்பினும் அவருக்கு நம் நமஸ்காரம்.

மகன் வந்து சேர்ந்தார். பேரக் குழந்தைகளோ ஹாலந்தில் இருந்தனர். 1940-ம் வருஷம் மே மாதமே அந்நாட்டை ஜெர்மானியர் பிடித்துவிட்டனர். கோடைக்கானல் மலையில் 1942 முதல் இரண்டு வருஷத்துக்கு மேல் அம்மையார் தங்கி, பல ஜாதிக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு பள்ளி நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னே அவருக்குத் துணை. செடி, கொடி, பூச்சி, பாறை, நட்சத்திரம் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை அங்கே உருவாயிற்று. தம் பேரப் பிள்ளைகள் கடலுக்கப்பால் அந்நிய ஆட்சியின் கீழ் வளர்ந்துகொண்டிருக்க, அந்தப் பாட்டி பழனிமலையின் குழந்தைகளுக்கு இலைகளைக் காட்டிப் பேர் சொல்லிக் கொண்டிருந்தார். 1939 முதல் 1946 வரை இந்தியாவிலிருந்து அவர் பேரக் குழந்தைகளுக்கு எழுதிய கடிதங்கள் 2020-ல் நூலாக வெளிவந்துள்ளன. ஒரு பாட்டியின் கண்ணால் சென்னையைப் பார்க்க விரும்புவோர் அதைத் தேடிப் படிக்கலாம்.

1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் பேரக் குழந்தைகளைக் கண்டார். மறு வருஷமே, நாம் சுதந்திரம் பெற்ற 1947-ல், மீண்டும் இங்கு வந்து 1949 வரை வகுப்புகள் நடத்தினார். குழந்தையின் மனம் எவ்வாறு உலகத்தை உள்வாங்குகிறது என்பதைப் பற்றிய அவருடைய பிரசித்தி பெற்ற நூல் 1949-ல் சென்னையில்தான் முதலில் அச்சாயிற்று.

இவ்வளவு சொன்னபின் ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். ஸான் லொரென்ஸோ இல்லம் கூலிக்காரர் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. இன்று நம் நகரங்களில் அப்பெயர் கொண்ட பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் வாயிலில் கூலிக்காரர் பிள்ளை நிற்கவே முடியாது. இன்னும் சில பள்ளிகளில் பெயர் மட்டுமே உண்டு; மணியும் கட்டையும் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்க, மூன்று வயதுப் பிள்ளை வீட்டுப் பாடம் எழுதுகிறது. அப்பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆகவே பெற்றோர் கட்டணச் சீட்டை வாங்கும் முன் அலமாரி திறந்திருக்கிறதா, கட்டைகளில் பிள்ளைகளின் கையழுக்குப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது நலம். அங்கன்வாடிகளில் இக்கருவிகளை வைப்பது அரசுக்குப் பெரிய செலவாகாது. அவற்றில் பலவற்றை நம் ஊர்த் தச்சரே செய்து கொடுத்துவிடுவார்.

அம்மையார் 1952-ம் வருஷம் மே 6-ம் தேதி ஹாலந்தில் நூர்ட்விக் என்னும் கடற்கரையூரில் காலமானார். அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார். அவருடைய மரண சாசனத்தில் மரியோ, மகன் என்றே குறிக்கப்பட்டிருக்கிறார். மரியோ 1982-ல் காலமாகும் வரை தாயின் வேலையைத் தொடர்ந்து நடத்தினார். கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தாங்கிய இளைய பேத்தி ரெனில்டே, பின்னர் அம்மையார் 1929-ல் ஸ்தாபித்த சர்வதேச சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1990 முதல் லிரா நாணயம் வழக்கொழியும் வரை, இத்தாலியின் ஆயிரம் லிரா நோட்டில் அம்மையாரின் முகம் அச்சாகி வந்தது. நோட்டின் மறுபுறத்தில் படித்துக்கொண்டிருக்கும் இரு குழந்தைகளின் படம்.