மாக்கட்டியும் முகநூலும்

செயற்கை நுண்ணறிவு ஜனநாயகத்தை என்ன செய்யும் என்று இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். அமெரிக்கத் தேர்தலை உதாரணம் காட்டுகிறார்கள். இலங்கை முஸ்லிம்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அம்பாறை வரை போனால் போதும்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர் கறிக்குள் ஏதோ கட்டி கிடப்பதைக் கண்டு, இது மலட்டு மாத்திரை என்று சத்தம் போட்டார். கூட்டம் சூழ்ந்தது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கேள்வி விளங்கவில்லை, பயம் வேறு. ஓம், போட்டோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லி வைத்தார். அது கைப்பேசியில் பதிவாகி முகநூலுக்குப் போனது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை வைத்தியத்திலேயே கிடையாது. ஆனால் அந்த முடிவு வெளியாவதற்குள் திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன.

திகனக் கலவரத்துக்கு உடனடிக் காரணம் வேறு. முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கிய சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3 அன்று இறந்தார். அது நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய குற்றம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் மாத்திரைக் கதை ஏற்கெனவே கைக்குக் கை ஓடிக்கொண்டிருந்த இடத்தில், சிலர் செய்த குற்றம் ஒரு சமூகத்தின் சதியாக வாசிக்கப்பட்டது.

முகநூல் நிறுவனத்தில் யாரோ உட்கார்ந்திருந்து எங்களை அடிக்கச் சொன்னார்கள் என்று நினைக்கக்கூடாது. எந்தப் பதிவை யாருக்கு முதலில் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பது ஒரு கணினி நிரல். நீங்கள் எதைப் பார்த்து நிற்பீர்கள், எதற்குக் கருத்து எழுதுவீர்கள், எதைப் பகிர்வீர்கள் என்று உங்கள் பழைய நடத்தையை வைத்துக் கணக்குப் போட்டு, அதை மேலே தூக்கி வைக்கும். பேச்சை வளர்க்கும் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அதே 2018 ஜனவரியில்தான் நிறுவனம் அறிவித்திருந்தது. கோபத்தைப் போலப் பேச்சை வளர்ப்பது வேறென்ன? நாங்கள் போய் 'இது பொய்' என்று எழுதினாலும் அதுவும் ஒரு கருத்தாகவே கணக்கில் சேரும்.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஒன்று சொன்னால் விளங்கும். 1990 ஒக்டோபர் 30 அன்று எங்களை வெளியேறச் சொன்ன புலிகளின் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தது. கொடுமையான அறிவிப்பு. ஆனாலும் தெருவில் நின்ற எல்லாருக்கும் ஒரே சொல் கேட்டது, அயலில் இருந்த தமிழருக்கும் கேட்டது. கைப்பேசி அப்படியல்ல. பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பற்றி என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. காதில் விழாத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது? பொதுப்பேச்சு இல்லாத இடத்தில் வாக்குப்பெட்டி மட்டும் இருந்து என்ன பயன்?

அடுத்தது மொழிச் சிக்கல். முஸ்லிம்களைக் குழந்தைகூட மிச்சமில்லாமல் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவொன்றைப் பற்றி அந்த நாட்களில் முறைப்பாடு செய்தவருக்கு, அது விதிகளை மீறவில்லை என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே போதிய அளவு இருக்கவில்லை. மார்ச் 7 முதல் ஒரு வாரம் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. விபிஎன் பாவிக்கத் தெரிந்தவர்கள் உள்ளே போய்வந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதம்.

தமிழின் நிலையும் இதுதான். புத்தூரில் நான் படிப்பிக்கும் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அப்படித் தட்டினால் வலி, வழி, வளி மூன்றும் ஒன்றுதான். (ழகரத்துக்காக வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்துவது வேறு கதை.) வசை எது, வேடிக்கை எது என்று மனிதருக்கே சந்தேகம் வரும் எழுத்தை இயந்திரம் எப்படிப் பிரித்தறியும்?

மனிதரும் சட்டமும் மட்டும் சரியாக வாசித்துவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. பேனையாலும் விசைப்பலகையாலும் சிந்தனை ஜிஹாத் செய்ய வேண்டும் என்று முகநூலில் சிங்களத்தில் எழுதிய ரம்ஸி ராஸிக் 2020 ஏப்ரலில் கைதாகி, ஐந்து மாதம் மறியலில் இருந்தார். பாய்ந்த சட்டம் 2007இன் ஐசிசிபிஆர் சட்டம். வெறுப்புத் தூண்டலிலிருந்து எங்களைப் போன்றவர்களைக் காக்க வேண்டிய சட்டம் அது. அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து 10 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கச் சொன்னது 2023 நவம்பரில். ஆகவே 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கண்டு சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுக்கிறது. அந்த ஆணைக்குழு 'ஜிஹாத்' என்ற சொல்லை எப்படி வாசிக்கும்?

இப்போது நிலைமை புரண்டிருக்கிறது. அன்று எங்கள் மொழிகளை வாசிக்கத் தெரியாத இயந்திரம் இன்று அவற்றில் எழுதுகிறது, பேசுகிறது. 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் டி. ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி, அந்தக் கரகரத்த குரலிலேயே பாராட்டிப் பேசினார். செய்தவர்கள் அதை மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கும் அது செயற்கை என்று தெரியும். அதே கருவியால் ஒரு மௌலவியின் குரலையும் ஒரு பிக்குவின் குரலையும் சொல்லாமல் கொள்ளாமல் செய்யலாம். ஒருவருடைய சிறிய குரல்பதிவு இருந்தால் போதும். எங்கள் ஆலிம்களின் பயான்கள் மணிக்கணக்கில் யூடியூபில் கிடக்கின்றன. இன்று அம்பாறைக் கதையைத் தயாரிக்க மாக்கட்டியும் தேவையில்லை, கடையும் தேவையில்லை.

உச்சரிப்புப் பிழையை வைத்துப் போலியைப் பிடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வருடம் பிடிக்கலாம், அடுத்த வருடம் முடியாது. செய்தி வந்தால் விசாரியுங்கள் என்ற குர்ஆன் கட்டளையை குத்பாவில் கேட்டுவிட்டு, செருப்பைப் போடும்போதே வட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புகிற ஆட்கள் நாங்கள். குரல்பதிவு ஒன்று வந்தால், பேசியதாகச் சொல்லப்படும் ஆளுக்கு அழைப்பெடுத்துக் கேட்பதுதான் இப்போதைக்கு இருக்கும் வழி. அதற்கு இலக்கம் வேண்டும். பக்கத்து விகாரையிலும் கோயிலிலும் பொறுப்பாக இருப்பவர்களின் தொலைபேசி இலக்கம் எத்தனை பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் இருக்கிறது?