கணவாய்க்கு அக்கரையில் வேறொரு பறவை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் மலையேறாமலே போய்விடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நமக்கு வழிவிட்ட இந்தப் பாலக்காட்டுக் கணவாய், கைக்குள் அடங்கும் ஒரு பறவைக்குக் கடக்க முடியாத கடலாகிவிட்டது.

அதன் பெயர் சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும், பூச்சி தின்று வாழும் சின்னஞ்சிறு பாடும் பறவை. மலை உச்சிகளில், புல்வெளிகளுக்கு நடுவே மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடுகளே அதன் உலகம். தரையை ஒட்டிய நிழலை விட்டு வெளியே வரத் தயங்கும், சமவெளியில் இறங்காது. நீலகிரியில் இருப்பதற்கு விலாப்புறம் செம்பழுப்பு. ஆனைமலையிலும் பழனிமலையிலும் இருப்பதற்கு அந்தச் செம்மை கிடையாது, வயிறு வெள்ளை. ஒரே இனத்தின் இரு வடிவங்கள் என்றே பலரும் நெடுநாள் எழுதிவந்தார்கள்.

உயிரியல் ஆய்வாளர்கள் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கைத் திருத்தியது. மரபணு, நிறம், பாட்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, சோலைக்கிளிகளுக்கு ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினத்தையே அமைத்தார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் வாழ்வது மூன்றாவது இனம் என்றும் அறிவித்தார்கள். அதைவிட என்னை வியக்கவைப்பது, அதே சோலைகளில் வாழும் சிரிப்பான்களின் கதை. சோலைக்கிளிக்கு நெருங்கிய உறவே இல்லாத அந்தப் பறவைகளும் இதே கணவாய்களில்தான் பிரிந்திருக்கின்றன. ஒரு குடும்பத்தில் மட்டும் நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டிலும் நடந்திருப்பதால், பிரித்தது நிலம்தான் என்று நம்ப முடிகிறது.

எப்படிப் பிரிகிறது ஓர் இனம்? ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவில் சிறுசிறு மாற்றங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. பறவைகள் கூடி வாழும்வரை அவை இனம் முழுவதும் கலந்துவிடும். நடுவில் காடு அறுபட்டால் கலப்பு நிற்கிறது. இக்கரை மாற்றம் இக்கரையிலேயே சேர்கிறது. சில அந்தந்த மலையின் குளிருக்கும் இரைக்கும் உதவுவதால் நிலைக்கின்றன, சில வெறும் தற்செயலால் பரவுகின்றன. பாட்டும் மெல்ல வேறாகிறது. துணையை அழைப்பது பாட்டு என்பதால், அது மாறுவது சிறிய விஷயமல்ல. இப்படியே பல லட்சம் ஆண்டுகள். மறுபடி சந்தித்தால் இவை இணை சேருமா என்பதே பாடநூல் கேட்கும் கேள்வி. இயற்கையில் இவை சந்திப்பதே இல்லை என்பதால், மரபணுவையும் உருவத்தையும் குரலையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது நாமும் கணவாய்களை வெட்டிக்கொண்டிருக்கிறோம். தேயிலை, கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸ், நீலகிரியில் சீகை என்று சொல்லும் வாட்டில் ஆகியவை சோலைகளைத் துண்டாடிவிட்டன. அண்மைக்காலக் காடழிப்பும் சோலைக்கிளிகளின் மரபணுத் தொடர்பைப் பாதித்திருப்பதை ராபின் குழுவினர் 2015-இலேயே காட்டினார்கள். இந்தப் பிரிவிலிருந்து புதிய இனம் பிறக்கும் என்று யாரும் தேற்றிக்கொள்ள வேண்டாம். இனம் உருவாகக் காலமும் வேண்டும், தலைமுறைகளைத் தாங்கும் எண்ணிக்கையும் வேண்டும். சிறு துண்டில் மாட்டிய சில ஜோடிகளுக்கு இரண்டுமே கிடையாது. நெருங்கிய உறவுக்குள் இணைந்து, இருக்கும் மரபணு வளத்தையும் இழக்கின்றன. நீலகிரிச் சோலைக்கிளி ஏற்கெனவே அழிவாபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

துண்டுகளை இணைக்கச் சோலைகளை மீட்க வேண்டும். அதற்காக எல்லா வாட்டிலையும் ஒரே மூச்சில் வெட்டிவிடவும் கூடாது. சில இடங்களில் அவற்றின் நிழலில்தான் சோலைமரக் கன்றுகள் தலைதூக்குகின்றன. எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதைச் சரிவு சரிவாக நடந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.