விறகைக் கூலியாகக் கொடுக்காதீர்கள்

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ராத்திரி. கண்டமங்கலத்தில் எங்கள் மாட்டுக்கொட்டகை மேல் வேப்பமரக் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. விடிஞ்சு ஓலையைத் தூக்கிப் பார்த்தால், எட்டு மாசக் கிடேரிக்கன்று அடியில் கிடந்தது. உயிர் இல்லை. தாய்ப்பசு ரெண்டு நாள் கத்திக்கிட்டே இருந்தது.

புயல் கொன்னுடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மட்டும் அது உறுத்தல். அந்தக் கிளை முறிய வேண்டிய கிளைதான். அதை அப்படி வளரவிட்டவன் நான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தது ஞாபகம் இருக்கும். அப்போது அந்த வேம்பு நிமிர்ந்துதான் நின்றது, ரெண்டு கிளை மட்டும்தான் ஒடிஞ்சது. மறுவாரமே ஒரு விறகு வியாபாரி வந்தார். "கூலி ஒண்ணும் வேணாம், கழிக்கிறதை நான் எடுத்துக்கறேன்" என்றார். இலவசமாச்சேன்னு தலையாட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மரம் மொட்டை. தொடை கனத்துக் கிளையெல்லாம் பாதியில் அறுபட்டு, கம்பம் மாதிரி நின்றது. அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. விறகுதான் கூலி என்றால், நாலு கிளை கழிக்க வேண்டிய இடத்தில் நாற்பது கழிக்கத்தான் தோணும்.

மறு மழைக்கே வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர் வந்தது. "பாரு, எப்படித் தழையுதுன்னு" என்று பெருமைப்பட்டேன். ஆனால் இயல்பாக வளரும் கிளை அடிமரத்தின் உள்ளே வேர் விட்டது மாதிரிப் பிடித்து நிற்கும். மொட்டையடித்த பிறகு வரும் துளிர் பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது கிளையாகப் பெருக்கப் பெருக்க, கீழே இருக்கிற வெட்டுவாய் இற்றுக்கொண்டே போகும். 13 வருசம் பாரம் ஏறி, ஒரே காற்றில் பிய்த்துக்கொண்டது.

புயலுக்கு அப்புறம் எனக்குப் பயம் வந்தது எங்க தாத்தா வைத்த புளியமரத்தைப் பார்த்து. அது மோட்டார் கொட்டகை ஓரம் நிற்கிறது. அடியில் பொந்து, மேலே ஒரு பெருங்கிளை மின்கம்பிக்கு மேல். வியாபாரி வந்து மரத்தோடு ரூ.8,000 தருகிறேன் என்றார். சவுக்கு வெட்டுற கோஷ்டியைக் கேட்டேன். நம்ம பக்கம் அவங்களுக்கா பஞ்சம்? "அடியோட சாய்க்கணும்னா வர்றோம், ஏறிக் கழிக்கிற வேலை நமக்கு ஆகாது" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மரம் சாய்க்கிறது ஒரு தொழில், மரம் பார்க்கிறது வேறு தொழில் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசியில் ஒரு பெரியவர் கிடைத்தார். சின்ன வயசில் பனையேறியவர். தானேவுக்குப் பிறகு ஆரோவில் பக்கம் மர வேலைக்குப் போய், கயிறு கட்டி ஏறப் பழகியவர். வந்தவர் விலை பேசவில்லை. மரத்தை மூணு சுற்று சுற்றினார். கொடுவாளின் முதுகால் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். வேர்ப்பக்கம் மண் வெடித்திருக்கா, காளான் பூத்திருக்கா என்று குனிந்து பார்த்தார்.

"தம்பி, பொந்து இருந்தா மரம் செத்துடும்னு இல்ல. சுத்தி இருக்குற கட்டை கெட்டியா இருக்கு. இந்த ஒரு கிளையை எடுத்துட்டா போதும். பொந்துல ஆந்தை இருக்கு, பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. நெல்லுக்கு எலித்தொல்லை என்று வருசா வருசம் புலம்புகிற நான், எலி பிடிக்கிறவன் வீட்டை எட்டாயிரத்துக்கு விற்கப் பார்த்திருக்கிறேன்.

புளி உலுக்கி முடித்த பிறகு, பங்குனியில் வேலை. இடுப்பில் வார், தலைக்குக் கவசம், கீழே கயிறு பிடிக்க ஒரு ஆள். மின்வாரியத்தில் முன்கூட்டியே சொல்லி, லைன்மேன் வந்து கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏறினார். நம்ம கொட்டகையில் ஃபியூஸ் பிடுங்கினால் வெளியே இருக்கிற கம்பியில் மின்சாரம் நிற்காது. இதில் உயிர் போயிடும். கயிறு இல்லாமல் ஏறுகிறேன் என்று யாராவது சொன்னால், கூலி குறைவு என்பதற்காக ஒத்துக்கொள்ளாதீர்கள். விழுந்தால் அவர் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

பெருங்கிளையைக் கயிற்றில் கட்டி, நுனியிலிருந்து துண்டுதுண்டாக இறக்கினார். மிஞ்சின கட்டையை மூணு அறுப்பில் எடுத்தார். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து கொஞ்சம். அடுத்தது அதற்கு வெளியே மேலிருந்து, கிளை பட்டையைக் கிழிக்காமல் விழுந்தது. மூன்றாவதுதான் சரியான வெட்டு: கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்து மாதிரிப் புடைப்பு இருக்குமே, அதைத் தொடாமல், அதை ஒட்டி.

நான் சாணிக் கரைசலோடு காத்திருந்தேன். "அதை மாட்டுக்கொட்டகையிலேயே வைங்க தம்பி" என்று சிரித்தார். அப்போது எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். பிறகு தெரிந்துகொண்டேன். அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர், அமெரிக்க வனத்துறையில் இருந்தவர், ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்திருக்கிறார். நம் தோல் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட கட்டையைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டை போட்டு வளர்கிறது. பூச்சு எதுவும் அழுகலைத் தடுப்பதில்லை. அந்தக் கழுத்தைச் சிதைத்தால்தான் சுவர் எழும்பாது. ஷைகோ படிக்காமலே நம்ம பெரியவருக்கு அது கையில் இருந்தது.

ரெண்டு நாள், ரெண்டு ஆள் கூலியைக் கையில் கொடுத்தேன். விறகு என் களத்தில். தழையும் சுள்ளியும் தென்னைக்கு மூடாக்கு. எந்தக் கிளை, எந்த இடத்தில், விழுவதை யார் எடுப்பது என்பதை ஏறுவதற்கு முன்னாடியே மரத்தடியில் நின்று பேசிவிட்டோம்.

இன்னொன்று. பனை என்றால் நம் நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். சாலையோர மரம் நம் வேலியை ஒட்டி இருந்தாலும் நம்முடையது இல்லை. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்கிற ஆள் வெட்டிவிட்டுப் போயிடுவார், தாசில்தார் முன்னாடி நிற்பது நாம்.

வேம்பைக் காப்பாற்ற முடியாது என்றும் அவரே சொன்னார். மிச்சமிருந்த கிளைகளும் அதே மாதிரி ஒட்டுக்கிளைகள், அடியில் மறுபடி மாடு கட்டியாகணும். மேலிருந்து துண்டு போட்டு இறக்கினார், புதுசா வேய்ந்த கொட்டகையில் ஒரு ஓலை கலையவில்லை. 2011-ல் அறுத்த மட்டத்துத் துண்டு கீழே வந்தபோது நடுவில் கறுத்து, கை விட்டால் தூளாக வந்தது. அதை மட்டும் விறகில் சேர்க்காமல் திண்ணையோரம் போட்டு வைத்திருக்கிறேன். போன மாசம் அந்த வியாபாரி வந்தார். அதன் மேலேயே உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, "புளியமரம் என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.