அணையாத மஞ்சள் விளக்கு

மோட்டார் காரின் சாவியைத் திருப்பியவுடன் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள டேஷ்போர்டில் சிறு விளக்குகள் பல ஒரே சமயத்தில் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்விளக்குகள் பழுதின்றி உள்ளனவா என்பதைக் காட்டுவதற்காகவே அவை அவ்வாறு எரிகின்றன. எஞ்சின் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் எச்சரிக்கை விளக்குகள் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோ, எங்கோ ஒரு கோளாறு இருக்கின்றது என்று பொருள்.

இவற்றுள் மக்களுக்கு மிகுந்த குழப்பமும் செலவும் தருவது எஞ்சின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்காகும். அது எரிந்ததும் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகின்றது. ஒரு பாகம் மாற்றப்படுகின்றது, விளக்கு அணைகின்றது. ஒரு வாரம் சென்றதும் மீண்டும் எரிகின்றது. வேறொரு பாகம் மாற்றப்படுகின்றது. இவ்வாறு பல ஆயிரம் ரூபாய் செலவான பின்னும் விளக்கு எரிந்தால், உரிமையாளருக்கு விளக்கின்மீதே ஐயம் வந்துவிடுகின்றது. பெரும்பாலும் விளக்கு பொய் சொல்வதில்லை. அது சொல்வது என்ன, சொல்லாமல் விடுவது என்ன என்பதை அறிந்துகொண்டால் வீண் செலவில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

சிவப்பும் மஞ்சளும்

முதலில் நிறத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பு விளக்கு உடனடி ஆபத்தைக் குறிப்பது. எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு, எஞ்சின் ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டதைக் காட்டுகின்றது. ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு இது எனப் பலர் எண்ணுகின்றனர். அழுத்தம் இல்லையேல் பேரிங்குகளில் ஆயில் படலம் நிற்காது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து சில நிமிடங்களில் எஞ்சின் பாழாகிவிடும். ஆகவே வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். வெப்பமானி வடிவச் சிவப்பு விளக்குக்கும் இதே விதிதான்.

பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று பொருள். பேட்டரி நன்றாக இருந்து, ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டு மட்டும் அறுந்திருக்கலாம். அதே பெல்ட்டுதான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகின்றது என்றால், எஞ்சினும் விரைவில் கொதித்துவிடும். விளக்கில் பேட்டரியின் படம் இருப்பதால் புதுப் பேட்டரி வாங்குவோர் உண்டு. படம் ஒன்று, பழுது வேறு என்பதற்கு இதுவே எளிய சான்று. மஞ்சள் விளக்கின் செய்தியோ இதனினும் சுற்றி வளைத்தது.

புகைமூட்டத்திலிருந்து பிறந்த விளக்கு

1940-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் அடிக்கடி கவிந்தது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் இதன் காரணத்தைக் கண்டறிந்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலிய தீய பொருள்களை உண்டாக்குகின்றன என அவர் காட்டினார்.

இதன் பயனாகக் கார்களின் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. 1975-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் வினையூக்கிப் பெட்டி பரவலாகப் பொருத்தப்பட்டது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் நுண்துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். புகை அவற்றினூடே செல்லும்போது நச்சு வாயுக்கள் பெரும்பாலும் கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் ஆகியவையாக மாறிவிடுகின்றன. சென்னை உள்ளிட்ட நான்கு இந்தியப் பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இப்பெட்டி கட்டாயமாயிற்று. ஈயம் இப்பெட்டியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே வந்தது.

பெட்டியைப் பொருத்தினால் மட்டும் போதுமா? அது பத்தாண்டுகள் சென்றும் வேலை செய்கின்றதா என்று பார்ப்பது யார்? வண்டியே தன்னைச் சோதித்துக்கொண்டு ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து விதித்தது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் விரிவான ஒரே முறை வந்தது. இந்தியாவில் இம்முறையின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கார்களுக்கு நடைமுறைக்கு வந்தன. ஆகவே மஞ்சள் விளக்கு அடிப்படையில் ஒரு புகை விளக்கு. வண்டி வழக்கம்போல் ஓடும்போதும் அது எரிவதற்குக் காரணம் இதுவே.

மூக்கும் மூளையும்

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இவ்விகிதம் பிசகினால் வினையூக்கிப் பெட்டியால் மூன்று வகை நச்சுகளையும் ஒருங்கே மாற்ற இயலாது. எனவே புகைக் குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்னும் கருவி வைக்கப்படுகின்றது. அதன் பழைய வகையில் சிர்கோனியா என்னும் பீங்கானின் ஒரு பக்கம் புகையையும், மறு பக்கம் வெளிக் காற்றையும் தொட்டுக்கொண்டிருக்கும். சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியதும், இரு பக்கத்து ஆக்சிஜன் வேறுபாட்டிற்கு ஏற்ப அதில் மின்னழுத்தம் தோன்றும். புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டு, குறைந்தால் சுமார் 0.9 வோல்ட்டு. புதிய வண்டிகள் பலவற்றில் இதனினும் நுட்பமான வகை உள்ளது, நோக்கம் ஒன்றே.

இச்சென்சாரை மூக்கு எனக் கொண்டால், வண்டியிலுள்ள சிறு கணிப்பொறியே மூளை. ஆக்சிஜன் மிகுதி என்று மூக்கு சொன்னால் மூளை பெட்ரோலைச் சிறிது கூட்டும். குறைவு என்றால் குறைக்கும். இத்திருத்தம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், கணிப்பொறி ஒரு குறியீட்டு எண்ணைத் தன் நினைவில் பதிக்கின்றது. பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரு பயணங்களில் அதே குறை தென்பட்டால்தான் விளக்கு எரியும். அந்நேரத்தில் இருந்த வேகம், வெப்பநிலை, எஞ்சினின் பளு ஆகியவற்றையும் கணிப்பொறி குறித்து வைத்துக்கொள்ளும். பின்னர் மூன்று பயணங்களில் தொடர்ந்து குறை தென்படாவிட்டால் விளக்கு தானே அணையும்.

ஒரே எண், நான்கு காரணங்கள்

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை இணைத்து இந்த எண்ணைப் படிக்கின்றார்கள். ‘பி 0171’ என்பது அடிக்கடி காணும் எண். ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்பதே அதன் பொருள். இதைப் பார்த்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பலரின் வழக்கம். செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பது போன்றது இது!

பெட்ரோல் ஏன் குறைந்தது? காற்றின் அளவை அளக்கும் கருவிக்குப் பின்னால் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்து, அளவில் சேராத காற்று உள்ளே புகலாம். பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம், அல்லது அதன் ஃபில்டர் அடைத்திருக்கலாம். காற்றளவுக் கருவியில் தூசி படிந்து, அது குறைத்துக் காட்டலாம். சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் விரிசல் விழுந்து, வெளிக் காற்று கலந்திருக்கலாம். சில நூறு ரூபாயில் முடியும் பழுதும், பல ஆயிரம் ரூபாய்ப் பழுதும் ஒரே எண்ணைத் தருகின்றன.

இவற்றைப் பிரித்தறிவது எப்படி? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு மணிக்கு 10 கிலோ காற்று செல்கின்றது என்று கொள்வோம். வெடித்த குழாய் வழியே 2 கிலோ கூடுதலாக நுழைந்தால், பிழை 20 விழுக்காடு. அதே வண்டி நெடுஞ்சாலையில் 80 கிலோ காற்றை இழுக்கும்போது அந்த 2 கிலோ வெறும் 2.5 விழுக்காடுதான். ஆகவே குழாய் வெடித்திருந்தால் திருத்தம் நிற்கும்போது மிகுந்தும், ஓடும்போது குறைந்தும் காணப்படும். பம்பு தளர்ந்திருந்தால் நேர்மாறாக, பளு கூடக் கூடத் திருத்தமும் கூடும். இத்திருத்த அளவை ஸ்கேனரின் திரையிலேயே பார்க்கலாம். பத்து நிமிடச் சோதனை ஒரு பாகத்தின் விலையை மிச்சப்படுத்திவிடும்.

கெட்டது எது, கெடுத்தது எது?

‘பி 0420’ என்னும் எண் வந்தால் செலவு மிகப் பெரிது. வினையூக்கிப் பெட்டியின் திறன் குறைந்துவிட்டது என்று அது கூறுகின்றது. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் இதைக் கண்டுபிடிக்கின்றது. நல்ல பெட்டி ஆக்சிஜனைத் தன்னுள் சேமித்தும் விடுத்தும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும்; அதனால் பின்னுள்ள சென்சாரின் மின்னழுத்தம் அசையாமல் நிற்கும். பெட்டி நலிந்தால் முன்னுள்ள ஏற்ற இறக்கம் பின்னும் தெரியும்.

இங்கும் இரு கேள்விகள் உண்டு. சென்சாருக்கு அருகே புகைக் குழாயில் கசிவு இருந்தாலும் இவ்வெண் வரலாம்; ஆகவே முதலில் அதைச் சோதிக்க வேண்டும். பெட்டி உண்மையிலேயே கெட்டிருந்தால், அதைக் கெடுத்தது எது என்று கேட்க வேண்டும். நான்கு அடி எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை பெட்ரோல் பற்ற வேண்டும். ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ தவறினால், எரியாத பெட்ரோல் பெட்டிக்குள் சென்று அங்கே எரிகின்றது. அந்த வெப்பத்தில் பீங்கான் தேன்கூடே உருகிவிடக்கூடும். பிளக்கையும் காயிலையும் கவனிக்காமல் புதுப் பெட்டி போட்டால் அதற்கும் அதே கதிதான். மஞ்சள் விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டுவது இந்த ஆபத்தைச் சொல்வதற்காகவே. அப்போது மட்டும் மஞ்சளையும் சிவப்பாகக் கருதி, வேகத்தைக் குறைத்து, விரைவில் வண்டியை நிறுத்துவது நலம்.

பழுதே இல்லாத பழுது

சில வேளைகளில் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. அமெரிக்க விதிப்படி அமைந்த வண்டிகளில் பெட்ரோல் ஆவி கசிகின்றதா என்பதும் சோதிக்கப்படுவதால், டாங்கி மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலே விளக்கு எரியும்.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 விதிகள் வந்தன. அவற்றின்படி அமைந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ளது. கரி சேரச் சேர, அது அவ்வப்போது சுமார் 600 பாகை செல்சியசு வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டும். நாள்தோறும் கடைவீதிக்கும் பள்ளிக்கும் மட்டும் சென்று திரும்பும் வண்டியில் இவ்வெப்பம் போதிய நேரம் நிலைப்பதில்லை. வடிகட்டிக்குரிய விளக்கு எரிந்தால், வண்டியின் கையேடு கூறும் முறைப்படி நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சீராக ஓட்டினாலே பெரும்பாலும் அது அணைந்துவிடும். பலமுறை பொருட்படுத்தாமல் விட்டாலோ, விலைமிக்க வடிகட்டியையே மாற்ற நேரிடும்.

அணைப்பது வேறு, சரிசெய்வது வேறு

ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எண் அழிந்து விளக்கு அணையும். பல வண்டிகளில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் அவ்வாறே ஆகும். காரணம் அப்படியே இருப்பதால் சில பயணங்களில் விளக்கு திரும்பி வரும். கோளாறு நேர்ந்தபோது பதிந்திருந்த குறிப்புகள் மட்டும் போய்விடும். பழைய கார் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணை அழித்ததும் வண்டியின் தன்சோதனைகள் யாவும் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பும். அவை முடியப் பல பயணங்கள் ஆகும். விற்பனைக்கு வந்த வண்டியில் சோதனைகள் பலவும் முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ எண்ணை அழித்திருக்கக்கூடும்.

உரிமையாளர் செய்யத்தக்கவை சிலவே. விளக்கு எப்போது எரிந்தது, குளிர்ந்த எஞ்சினிலா, மழையிலா, மேட்டில் ஏறும்போதா எனக் குறித்து வைக்க வேண்டும். எண்ணை அழிப்பதற்குமுன் அதைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். ஒயர், குழாய், ஃபியூஸ் போன்ற எளியவற்றை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று கூறப்பட்டால், ‘இந்தப் பாகம்தான் கெட்டது என்பதை எந்தச் சோதனையால் அறிந்தீர்கள்?’ என்று பணிவோடு கேட்கலாம். நல்ல மெக்கானிக் இக்கேள்விக்கு மகிழ்ச்சியுடன் விடை தருவார். அவருடைய சோதனைக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவு என்று எண்ணலாகாது.

காய்ச்சல் கண்டவருக்கு வெப்பமானி 102 பாகை காட்டினால், மருத்துவர் அதை வைத்து மருந்தை முடிவு செய்வதில்லை. நோய் எது என்று தேடுகின்றார். மஞ்சள் விளக்கும் அதன் எண்ணும் வண்டியின் வெப்பமானி போன்றவை. தேடவேண்டிய இடத்தை அவை காட்டிவிடும். தேடும் வேலை மனிதருடையது.